என் முதுகுக்கு முகமாக இருந்தவர்

என் முதுகு நான்கு கௌபாய் படங்களில் நடித்திருக்கிறது. முகம் ஒன்றில்கூட இல்லை. செம்மண் மேட்டில் புழுதி பறக்க ஒரு குதிரை போகும். மேலே தொப்பி வைத்த ஒருவன் விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்திருப்பான். சூரியன் அவனுக்கு எதிரே இறங்கிக்கொண்டிருக்கும். அந்த ஒருவன் நான்தான். குதிரை நின்று அவன் திரும்பிப் பார்க்கும்போது மட்டும் அவன் நானாக இருக்கமாட்டான். திரும்பிப் பார்க்கும் வேலையை வேறொருவரிடம் கொடுத்திருந்தார்கள். அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் என் முதுகைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்திவிட்டேன். புத்தி எங்கே போகும்.

அவர் பெயரைச் சொல்வதாக இல்லை. சொன்னால் நெல்லிக்குப்பத்திலிருந்து நாலு பேராவது போன் செய்து, "எங்க ஆளப் பத்தி எழுத நீ யாருய்யா?" என்று கேட்பார்கள். படங்களின் பெயர்களையும் சொல்லமாட்டேன். அது அவருக்காக அல்ல, எனக்கு மிச்சமிருக்கும் மானத்துக்காக.

வீட்டுக்கு வீடு கேபிள் வந்து, கைக்குக் கை போன் வராத காலம் அது. கடலூரில் ஒரு கேபிள் ஆபீசில் எனக்கு வேலை. கம்பம் ஏறி, அறுந்த ஒயரை ஒட்டுவதுதான் வேலை என்றாலும் சிதம்பரத்தில் எங்கள் வீட்டில் நான் கன்ட்ரோல் ரூம் இன்ஜினியர். எங்கள் முதலாளி ஒரு கல்யாண வீடியோ கேமராவை வாங்கினார். வாங்கிய பிறகு கல்யாணம் எடுப்பது தன் தகுதிக்குக் குறைவு என்று அவருக்குத் தோன்றிவிட்டது. பொங்கலுக்கு நம் சேனலிலேயே சொந்தமாக ஒரு படம் போடுவது, அதுவும் கௌபாய் படம் என்று முடிவு செய்தார். "நம்மூரு கேப்பர் மலையப் பாத்தா அப்படியே அமெரிக்காதான்யா" என்றார். அவர் அமெரிக்கா போனதில்லை. நாங்களும் போனதில்லை என்பதால் மறுத்துப் பேச ஆள் இல்லை. செம்மண் இருந்தது, மழை அறுத்த பள்ளங்கள் இருந்தன, பள்ளத்துக்கு மேலே முந்திரித் தோப்பு இருந்தது. முந்திரி மரம் அமெரிக்காவில் உண்டா என்று ஒருவன் கேட்டதற்கு, "கிட்டக்க காட்டமாட்டேன்" என்று பதில் வந்தது.

கதாநாயகனை முதலாளி உரக்கடையில் கண்டெடுத்தார். தென்னைக்கு உரம் வாங்கப் போன இடத்தில், கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார் இவர். நெல்லிக்குப்பத்துக்காரர். நல்ல உயரம், நீண்ட முகம், அகலமான தோள். எல்லாவற்றுக்கும் மேலே பூனைக்கண். "இந்தக் கண்ணு இங்க யூரியா வித்துக்கினு இருக்கக் கூடாதுய்யா" என்று முதலாளி அங்கேயே சொல்லி, கையோடு ஆபீசுக்கு அழைத்து வந்துவிட்டார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் அண்ணே என்றேன், அவர் தம்பி என்றார். அந்த உறவுமுறை பின்னால் எங்கள் வீட்டில் பெரிய சிக்கலைக் கொண்டுவந்தது.

முதல் நாள் படப்பிடிப்புக்குச் சிதம்பரத்திலிருந்து ஒரு பாய், மினி லாரியில் வெள்ளைக் குதிரையை ஏற்றிக்கொண்டு வந்தார். பெயர் ராணி. கல்யாண ஊர்வலங்களுக்குப் போய்வரும் குதிரை. லாரியிலிருந்து அது இறங்கியதும் எல்லோரும் கைதட்டினோம். நம் கதாநாயகர் மட்டும் இரண்டு முந்திரி மரம் தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

"சார், ஒண்ணு சொல்லிடறேன். எனக்குக் குதிரைன்னா பயம்."

"ஹீரோய்யா நீ. ஹீரோ பயப்படலாமா?"

"கதையில பயப்படமாட்டேன் சார். இங்க பயமா இருக்குது."

வெள்ளிக்கிழமை கவிச்சி சாப்பிடமாட்டேன் என்று ஒருவர் சொல்வதுபோலத்தான் சொன்னார். குரல் தாழவில்லை, தலை குனியவில்லை. முதலாளி கெஞ்சிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார். இவர் கோபித்துக்கொள்ளவும் இல்லை, கிளம்பிப் போகவும் இல்லை. அதே இடத்தில் நின்று, "பயமா இருக்குது சார்" என்பதையே திரும்பத் திரும்ப, பொறுமையாகச் சொன்னார். கடைசியில் முதலாளியின் பார்வை கூட்டத்தைச் சுற்றி வந்து என் மேல் நின்றது. "ஒசரம் ஒண்ணா இருக்குது. பின்னாடிலேருந்து எடுத்தா எவனுக்குத் தெரியப் போவுது. நீ ஏர்றியா?"

எனக்கும் குதிரை என்றால் பயம்தான். அவருக்கு இருந்ததைவிட ஜாஸ்தி. ஆனால் நான் சொன்னது, "அதுக்கின்னா சார், ஏறிட்டாப் போச்சு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், எங்கள் வீட்டில் அந்த வார்த்தை புழக்கத்தில் இல்லை. அப்பா போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். "நம்ம வம்சத்துல பயம்னா இன்னான்னே தெரியாது" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும். அந்த வாயின் வலது பக்கக் கடைவாய்ப்பல் சொத்தையாகிப் பல வருடம் ஆகியிருந்தது. இடது பக்கத்திலேயே மென்று காலம் தள்ளினார். பல் டாக்டரிடம் போகலாமே என்றால், "நேரமில்ல" என்பார். ரிட்டையர் ஆன பிறகும் நேரமில்லை. நான் அவர் பிள்ளை.

பாய் என்னைத் தூக்கி மேலே உட்கார வைத்தார். "தம்பி, இது பொம்பளக் குதிர. காலால எத்தாதீங்க. மரியாதையாப் பேசுங்க" என்றார். பேசுவதற்கு எனக்கு நாக்கு எழவில்லை. உச்சந்தலை முதல் இடுப்பு வரை விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். பயத்தில் விறைத்த முதுகு தூரத்திலிருந்து பார்த்தால் வீரம் மாதிரியே இருக்கும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. கேமராவில் பார்த்துவிட்டு முதலாளி கண்கலங்கிவிட்டார். ராணி ஓடுவதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. ஊறவைத்த கொள்ளு மினி லாரியில் இருந்ததால், லாரி நிற்கும் திசையில் மட்டும்தான் ஓடும். அதனால் எங்கள் படங்களில் கொள்ளைக்காரன் தப்பிப்பதும் கதாநாயகன் துரத்துவதும் காதலியைத் தேடிப் போவதும் எல்லாமே ஒரே திசையில்தான் நடக்கும்.

அவருடைய குதிரைக் காட்சிகளை ஆபீஸ் கொல்லையில் எடுத்தோம். பீப்பாய் மேல் இரண்டு யூரியா மூட்டை, அதன் மேல் அவர். இரண்டு பேர் கீழே உட்கார்ந்து மூட்டையை ஆட்டுவோம். அந்த இரண்டு பேரில் நானும் ஒருவன். அதாவது மலையில் சவாரி செய்தவனும் நான், கொல்லையில் குதிரையும் நான். தொப்பி, தேவனாம்பட்டினம் கடற்கரையில் வாங்கியது. துப்பாக்கி தீபாவளித் துப்பாக்கி. கேப் வெடிக்கும் சத்தத்துக்கும் அவருக்குப் பயம். ஒவ்வொரு முறை சுடும்போதும் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொள்வார். முதலாளி அதைத் திருத்த முடியாமல், அதையே ஸ்டைல் ஆக்கிவிட்டார். அந்தப் பொங்கலுக்குப் பிறகு நெல்லிக்குப்பத்துப் பிள்ளைகள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டே ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டார்கள்.

அவருக்குப் பயமானவை நிறைய. அலை, பட்டாசு, தண்ணீர் நிறைந்து ஓடும் ஆற்றுப்பாலம், உயரமான ஊஞ்சல், உரக்கடை முதலாளியின் மாமியார். எதையும் ஒளிக்கமாட்டார். ஆனால் அவர் பயப்படுகிற விதத்தில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர் ஓடமாட்டார். ஒருநாள் எங்கள் பேட்டரி அறைக்குள் பாம்பு வந்துவிட்டது. உள்ளே இருந்த மூன்று பேரும் மேசை மேல் ஏறிவிட்டோம். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, தண்ணிப் பாம்பு" என்றான் ஒருவன், குரல் கீச்சிட. நான் மேலே இருந்த ஒயரைச் சரிபார்ப்பதாகச் சொன்னேன். இவர் வாசலில் வந்து நின்றார். "எனக்குப் பயமா இருக்குது. கதவத் தொறந்து புடிச்சிக்கறேன், அது போவட்டும்" என்றார். பாம்பு நிதானமாக யோசித்து, அவர் காலுக்குப் பக்கத்தில் ஊர்ந்து வெளியே போகும்வரை அவர் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. அதன் பிறகும் நாங்கள் மேசையிலிருந்து இறங்கக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. ஒயரில் கொஞ்சம் வேலை பாக்கி இருந்தது.

இரண்டாவது படத்தில் முந்திரிக் கிளை கீறி அவர் கையில் ரத்தம் வந்தது. எங்கள் அக்கா அப்போது கடலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான்தான் அழைத்துப் போனேன். வீட்டுக்கு நானே வழி காட்டினேன் என்று அப்பா பின்னால் திட்டியது இதைத்தான். அக்கா ஊசியை எடுத்ததும் இவர், "சிஸ்டர், எனக்கு ஊசின்னா பயம். இந்தக் கையில போடுங்க, உங்க இன்னொரு கையக் கொஞ்சம் புடிச்சிக்கறேனே" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

பஸ்ஸில் சிதம்பரம் திரும்பும்போது அக்கா வெகுநேரம் ஜன்னல் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். "ஊசி போட வர்ற ஆம்பளைங்க எல்லாரும் 'சீக்கிரம் போடும்மா, வேல இருக்குது'ன்னு வெறப்பா நிப்பாங்கடா. பாதிப் பேரு மயக்கம் போட்டு வுழுவாங்க. நேரா சொன்னது இந்த ஆளுதான்" என்றாள். அந்தக் கீறல் ஆறிய பிறகும் அவர் கட்டு மாற்றப் போய்க்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

படம் கேபிளில் ஓடியதும் அவர் பெரிய மனிதராகிவிட்டார். கடலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவருக்காக நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். யார் வந்து, "குதிரை ஓட்டுனீங்களே, ஆத்தாடி" என்று ஆரம்பித்தாலும் அவர் எழுந்து நின்று, "அது நான் இல்லீங்க. எனக்குக் குதிரைன்னா பயம். ஓட்டுனது இந்தத் தம்பி" என்று என்னைக் காட்டுவார். அவர்கள் என்னை மேலும் கீழும் பார்ப்பார்கள். கையில் கட்டிங் பிளேயர், தோளில் ஒயர்ச் சுருள். "இன்னா அடக்கம் பாத்தியா. கூட இருக்கற பையனத் தூக்கிவுடறாரு" என்று சொல்லிவிட்டு அவருக்கு இன்னொரு டீ சொல்வார்கள். அவர் மறுக்க மறுக்க அவர் புகழ் ஏறியது. என்னைப் பற்றி, "ஹீரோ கூடவே சுத்துவானே, அவன்" என்று பேச்சு வந்தது. அவர் ஒருநாளாவது பொய் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பெயர் கிடைத்திருக்கும் என்று அப்போது நினைத்திருக்கிறேன்.

கடைசிவரை யாரும் அவரை நம்பவில்லை. அவர் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. இதயத்தில் கோளாறு. ஆபரேஷனுக்கு முன்னால் பார்க்க வந்த டாக்டர் சின்ன வயதில் கடலூரில் கேபிள் பார்த்து வளர்ந்தவர். "பயமா இருக்குது டாக்டர்" என்றார் இவர். "நீங்களா சார்? கண்ண மூடிக்கிட்டே பத்துப் பேரச் சுட்டவராச்சே" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார் டாக்டர். நல்ல மனிதர், தைரியம் சொல்வதாகத்தான் நினைத்திருப்பார். எனக்கு அன்று அழுகை வந்தது. இவர் என் பக்கம் திரும்பி, "நீயாவது நம்புறியா?" என்று கேட்டார். நம்புகிறேன் என்றேன். நம்பத்தானே செய்தேன், முதல் நாளிலிருந்தே.

விட்ட இடத்துக்கு வருகிறேன். அக்கா ஒருநாள் அப்பாவிடம் நேராகச் சொல்லிவிட்டாள், கட்டினால் இவரைத்தான் என்று. அப்பா குதித்தார். "கூத்தாடிக்குப் பொண்ணு குடுக்கவா இத்தினி வருசம் லத்தி புடிச்சேன்? அதுவும் இவன் அண்ணே அண்ணேன்னு கூப்புட்டுக்கினு இருக்கற ஆளு. மொற வேணாம்?" என்று என்னையும் சேர்த்து வாங்கினார். அக்கா அழவில்லை. படத்தின் சிடியைப் போட்டுவிட்டு, "ஒருதரம் பாரு, அப்புறம் பேசு" என்று டிவி முன்னால் உட்கார வைத்தாள்.

அப்பா வேண்டாவெறுப்பாகப் பார்த்தார். பூனைக்கண் அவருக்குப் பிடிக்கவில்லை. கண்ணை மூடிச் சுட்டது சுத்தமாகப் பிடிக்கவில்லை. செம்மண் மேட்டில் குதிரை போனபோது நிமிர்ந்து உட்கார்ந்தார். "நிறுத்து. திரும்பப் போடு" என்றார். மறுபடி பார்த்தார். பிறகு அக்காவிடம் சொன்னார்: "ஒரு ஆம்பளைய மொகத்தப் பாத்து எட போடக் கூடாது, முதுகப் பாத்துப் போடணும். பரேடுல நான் பாக்காத முதுகா. இது எதுக்கும் அசையாத முதுகு. இவனுக்குக் குடுக்கலாம்."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீயும் இருக்கியே, கூன் போட்டுக்கினு."

அக்கா என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். வாயைத் திறக்காதே என்று அர்த்தம். நான் திறப்பதாகவும் இல்லை. அப்பா என்னைப் பாராட்டியது வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான். அது நான் என்று அவருக்குத் தெரியாமல் இருந்தால்தான் அது நிலைக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

இவர் சும்மா இருப்பாரா. நிச்சயதார்த்தத்தன்று தட்டு மாற்றுவதற்கு முன்னால், "மாமா, ஒண்ணு சொல்லிடறேன். படத்துல குதிரையில போனது நான் இல்ல. உங்க பையன்" என்றார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு சொத்தைப்பல் வலிக்கும் அளவுக்குச் சிரித்தார். "இவனா? இவன் சைக்கிள்லேருந்தே வுழுந்து எழுந்தவனாச்சே." கூடியிருந்த சொந்தக்காரர்களிடம், "பாத்தீங்களா, எம் மாப்ளைக்கு எவ்ளோ அடக்கம்" என்றார். தட்டு மாறியது.

கல்யாணம் சிதம்பரத்தில். முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. எங்கள் பக்கத்து வழக்கப்படி, மாப்பிள்ளையைப் பிள்ளையார் கோயிலில் உட்கார வைத்து, பெண் வீட்டார் போய்த் துணிமணி கொடுத்து, மாலை போட்டு, மேளத்தோடு மண்டபத்துக்கு அழைத்து வரவேண்டும். அலங்காரம் செய்த கார் ஒன்று சொல்லியிருந்தோம். நான் மாலையோடு கோயில் வாசலுக்குப் போனபோது காரைக் காணோம். அது நிற்கவேண்டிய இடத்தில் நெற்றிப்பட்டம், ஜரிகை, கழுத்தில் மணி எல்லாம் கட்டிக்கொண்டு ராணி நின்றுகொண்டிருந்தது.

மங்கலம்பேட்டையிலிருந்து வந்திருந்த எங்கள் தாய்மாமா, "எப்படி?" என்றார், மீசையைத் தடவிக்கொண்டு. "டிவில குதிரையில வர்ற ஆளக் காருல கூட்டிக்கினு போறதா? அசிங்கமில்ல? காரத் திருப்பி அனுப்பிட்டேன்." அவருடைய அன்பளிப்பாம். குதிரையில் வரப்போகிறார் என்று செய்தி பரவி, வீதி முழுக்க ஜனம். பாய் என்னைப் பார்த்ததும் சலாம் வைத்தார். அந்தக் கூட்டத்தில் என்னைக் கும்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

மாப்பிள்ளை கோட்டும் மாலையுமாக வெளியே வந்தார். குதிரையைப் பார்த்தார். வாசல்படியிலேயே நின்றுவிட்டார்.

"மாமா, பயமா இருக்குது. நான் நடந்தே வரேன்."

அடக்கம் என்று நினைத்துத் தாய்மாமாவும் இன்னொருவரும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கப் பார்த்தார்கள். அவர் கோயிலின் இரும்புக் கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மேளம் நின்றது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "வீரமெல்லாம் டிவிலதான்போல" என்று ஒரு குரல் வந்தது. பிறகு சிரிப்பு வீதி முழுக்கப் பரவியது.

அப்பா அவர் அருகில் போனார். காலையிலிருந்து வாய் நிறைய மாப்ள, மாப்ள என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் இப்போது கூப்பிடவில்லை. "ஏறிடுங்க" என்றார் தணிந்த குரலில். "சனம் சிரிக்குது. இந்த வீதில யூனிபார்மோட நடந்தவன் நான்."

"நான் மொதல்லயே சொன்னேன் மாமா."

"அது அடக்கம்னு நெனச்சேன்."

"இல்ல மாமா. அது பயம்."

அப்பாவின் முகம் இறுகிவிட்டது. "அப்ப நான் பாத்தது யாரு? அந்த ஆள நம்பித்தான் பொண்ணு குடுக்கறேன்னு சொன்னேன். அது யாருன்னு தெரியாம இந்த ஊர்வலம் இங்கேருந்து நவுராது" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் சொன்னால் நின்றுவிடும். மண்டபத்தில் அக்காவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் செய்தி அங்கே போய்விடும்.

"நான்தாம்பா" என்றேன்.

"வெளாடாத."

வேறு வழியில்லை. பாயைப் பார்த்தேன். அவர் கையைக் கோர்த்து நீட்டினார், மிதித்து ஏறினேன். ஏறியதும் பழைய பயம் அப்படியே வந்து, தலையிலிருந்து இடுப்பு வரை விறைத்துக்கொண்டது. அப்பா எனக்குப் பின்னால் நின்றிருந்தார். அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. சிரிப்புச் சத்தம் அடங்கியது மட்டும் கேட்டது. வாழ்நாளில் முதல்முறையாக என் முதுகுக்கு என் பெயர் கிடைத்தது. அதை நான் அனுபவித்த நேரம் மிகவும் கொஞ்சம்.

ஊர்வலம் கிளம்பிவிட்டது என்று நினைத்து மேளக்காரர் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். ராணி மிரண்டு திரும்பியது. அதன் கொட்டகை இரண்டு தெரு தள்ளித்தான். மண்டபத்துக்கு நேர் எதிர்த்திசையில், என்னோடு வீட்டுக்குக் கிளம்பிவிட்டது. ஒரு கால் மிதிவளையத்திலிருந்து நழுவியது, செருப்பு எங்கோ விழுந்தது, நான் ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டிருந்தேன். சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்த வீதியில், எங்கள் வம்சத்துக்கே தெரியாத அந்த வார்த்தையை அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "பயமா இருக்குது, எறக்கி வுடுங்க!"

"எடது பக்கம் போவாதீங்க" என்று பாய் பின்னாலிருந்து கத்திக்கொண்டே ஓடிவந்தார். "அந்தக் கண்ணு அதுக்குத் தெரியாது. யாராவது வந்தா மெரண்டு கடிச்சிடும்." கேட்டதும் வீதியில் இருந்த ஆண்கள் எல்லாம் விலகினார்கள். தாய்மாமா ஒரு ஜவுளிக்கடைக்குள் போய், உள்ளே எதையோ விலை கேட்டுக்கொண்டிருந்தார்.

இவர் கதவை விட்டுவிட்டு வந்தார். மேலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. "பயமா இருக்குது, பயமா இருக்குது" என்று சொல்லிக்கொண்டே குறுக்கே ஓடிவந்தார். வலது பக்கம் சுற்றிப்போக நேரமில்லை. இடது பக்கமாகவே வந்து கடிவாளத்தை இரண்டு கையாலும் பிடித்தார். ராணி தலையைத் திருப்பி அவர் தோளைக் கவ்வியது. கோட்டுக் கை கிழிந்து தொங்கியது. அவர் விடவில்லை. "எனக்கும் பயமாத்தான் இருக்குது. செத்த நேரம் இரும்மா, போயிடலாம்" என்று அதனிடம் சொன்னார். பாய் சொன்னபடி மரியாதையாகப் பேசிய ஒரே ஆள் அவர்தான். குதிரை நின்றது.

நின்ற பிறகு இரண்டு பிரச்சினை. எனக்குக் கால் மரத்து இறங்க முடியவில்லை. அவருக்கு விரல் இறுகிப்போய்க் கடிவாளத்தை விட முடியவில்லை. மூச்சு வாங்க வந்து சேர்ந்த பாய், "நிக்கவச்சா மறுபடியும் மெரளும். அப்படியே பேசிக்கிட்டே நடத்திக்கினு போங்க" என்றார். மேளக்காரரை ரொம்பவும் பின்னால் அனுப்பினார்கள். இப்படியாக, மாப்பிள்ளை கிழிந்த கோட்டோடு நடந்துவர, மச்சினன் குதிரையில் வர, மாப்பிள்ளை அழைப்பு மண்டபத்தை நோக்கிக் கிளம்பியது. வாசலில் நின்ற பெண்கள் என்னைப் பார்த்து, "பூனைக்கண்ணுன்னாங்க, ஒண்ணும் காணோமே. ஆளும் கருப்பு" என்று பேசிக்கொண்டார்கள். ஒரு அம்மாள் எனக்கு ஆரத்தி எடுத்தே விட்டார்.

அப்பா எங்கே என்று திரும்பிப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. ஊர்வலம் நகராது என்று சொன்னவர் அவர். அது நகர்ந்துகொண்டிருந்தது. முனை திரும்பும்போது யாரோ என் வெறுங்காலைப் பிடித்துச் செருப்பை மாட்டினார்கள். குனிந்து பார்த்தால் அப்பா. என்னை அண்ணாந்து பார்க்கவில்லை. மாட்டிய பிறகும் காலை விடாமல், நான் சரியாதபடி பிடித்துக்கொண்டே நடந்தார். அவருக்கு முன்னால் இவர், கடிவாளத்தைப் பிடித்தபடி.

"நான் சர்வீஸ்ல இருந்தப்ப" என்று அப்பா தொண்டையைச் செருமினார், "தேர்த் திருவிழா பந்தோபஸ்துக்குக் குதிரையில போவ ஆள் கேட்டாங்க. எம்பேரத்தான் மொதல்ல எழுதனாங்க. நான் காய்ச்சல்னு லீவு போட்டுட்டேன்."

இவர் திரும்பிப் பார்த்தார். அப்பா ரோட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

"எனக்கும் பயந்தான், மாப்ள."

"அப்ப நீங்க அந்தப் பக்கம் போயிடுங்க மாமா. இந்தப் பக்கந்தான் கடிக்கும்."

அப்பா போகவில்லை. மண்டபம் வரைக்கும் அவரோடு இடது பக்கமே நடந்து வந்தார்.